அத்தை பூசாத மஞ்சள்

கோச்சடை வீட்டு மொட்டைமாடிச் சுவரில் அந்தத் தண்ணீர் பாட்டில் நின்றுகொண்டிருக்கும். சாதாரணக் கண்ணாடி பாட்டில்தான். அதைச் சுற்றி மஞ்சள் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டிருப்பார் என் அத்தை. காலை வெயில் ஏறும்போது கொண்டுபோய் வைக்க வேண்டும், உச்சி வெயிலில் எடுத்துவிட வேண்டும், அன்று முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். அந்த பாட்டிலின் நிழல் மற்ற நிழல்களைப் போலக் கறுப்பாக விழாது. யாரோ எண்ணெயைச் சிந்திவிட்டுத் துடைக்காமல் போனதுபோல, சிமென்ட் தரையில் ஒரு மஞ்சள் கறை கிடக்கும். வெயில் நகர நகர அதுவும் துணிக்கொடியின் கீழே மெல்ல நகரும். ஒருநாள் அதன்மேல் கால் படாமல் நான் சுற்றிப் போனதை அத்தை பார்த்துவிட்டார். "மிதிச்சா ஒட்டிக்கிறாது மருமகனே, வெறும் வெளிச்சந்தான்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்ததால், எனக்கு அந்த பாட்டிலின்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

அப்பாவுக்கு ஒரே தங்கை அவர். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி மதுரைக்கு வந்தவர். பத்திரிகை வேலைக்காக நான் இந்த ஊருக்கு வந்தபோது முதலில் தங்கியது அவர் வீட்டில்தான். காளவாசலில் ஒரு மேட்சிங் சென்டரில் அவருக்கு வேலை. சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியும் லைனிங்கும் விற்கும் சின்னக் கடை. சுவர் தெரியாமல் துணிச் சுருள்கள் அடுக்கியிருக்கும். பச்சை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது அங்கே ஒரு முழு அலமாரி. வாடிக்கையாளர் சேலையை மேசையில் விரித்ததும் அத்தை இரண்டு மூன்று சுருள்களை உருவுவார். ஆனால் உடனே வெட்டமாட்டார். சேலை முந்தானையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு வெளியே நடைபாதைக்கு இறங்கிவிடுவார். பஸ்ஸும் ஆட்டோவும் உரசிக்கொண்டு போகிற அந்த இடத்தில் நின்று, வெயிலில் இரண்டையும் வைத்துப் பார்ப்பார். "கடை லைட்ட நம்பி வெட்டுனா, நாளைக்கே திரும்பக் கொண்டாந்துருவாக" என்பார். மதுரையில் எல்லா மேட்சிங் சென்டரிலும் இதுதான் வழக்கம். வெயில் இல்லாத மழைநாளில் அந்தக் கடைகளில் வியாபாரம் பாதிதான்.

மாமா இறந்த பிறகு அத்தை பொட்டையும் பூவையும் விட்டதோடு, முகத்துக்கு மஞ்சள் பூசுவதையும் விட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் வற்புறுத்த வேண்டியதே இல்லை, அதுவாக நடந்துவிடும். ஒரு வருடத்துக்கும் மேலாக வேலைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு மெல்ல மெல்ல மங்கத் தொடங்கினார். சாப்பாடு பிடிக்கவில்லை. வயிறு நிறைந்தேயிருப்பதுபோல இருக்கிறது என்றார். எதற்கென்று தெரியாமல் மனம் கலங்குகிறது என்றார். டிவி ஓடிக்கொண்டிருக்கும், பார்வை வேறெங்கோ இருக்கும். பக்கத்துத் தெரு டாக்டர் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டு, கேஸுக்கு மாத்திரை கொடுத்து, "மனசுதாம்மா, நாலு இடத்துக்குப் போய்ட்டு வாங்க" என்றார். நாங்களும் அதையே நினைத்திருந்தோம். அத்தைக்கு ஒரே மகன். ஏசி மெக்கானிக், கல்யாணம் ஆகவில்லை, என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். அவன் வேலைக்குப் போன ஒரு வீட்டில் யாரோ சொல்ல, அத்தையைக் கலர் வைத்தியரிடம் கூட்டிப்போக முடிவெடுத்தான்.

முதல் நாள் நானும் போனேன். ஞாயிறு இணைப்புக்கு ஒரு கட்டுரை தேறுமா என்ற எண்ணமும் இருந்தது. காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து, கீழே ஜெராக்ஸ் கடை, மேலே அவருடைய இடம். வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. தெருவில் அவரைக் கலர் டாக்டர் என்பார்கள். அவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். "டாக்டர்னு சொல்லாதீங்க, சார்னு சொல்லுங்க போதும்" என்றார் முதல் வாக்கியத்திலேயே. அறுபது வயதிருக்கும். சத்தமில்லாத குரல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாத பழக்கம். அத்தை பேசுவதை யாரும் அவ்வளவு நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை. சிவப்பு சூட்டைக் கிளப்பும், நீலம் தூக்கத்தைக் கொடுக்கும், மஞ்சள் வயிற்றுக்கும் தைரியத்துக்கும் என்று விளக்கினார். அம்மாவுக்குள்ளே மஞ்சள் வற்றிப்போய்விட்டது, அதைத் திரும்ப ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றார். பிறகு எங்களை மஞ்சள் அறைக்குள் அழைத்துப் போனார்.

சுவர், திரை, நாற்காலி உறை, பல்பு எல்லாமே மஞ்சள். ஜன்னல் கண்ணாடியிலும் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே போன சில நிமிடங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அத்தையின் ஊதாச் சேலை கறுப்பாகிவிட்டது. சாருடைய வெள்ளைச் சட்டைக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் நான்கு பேர் முகமும் ஒரே நிறத்தில் இருந்தது. சார் அத்தையின் நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அந்த அறையில், அந்த வெளிச்சத்தில். அப்போது அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. அத்தை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். மாமா போனதிலிருந்து பகலில் கண்ணயராத மனுஷி வாயைத் திறந்துகொண்டு தூங்குவதை அவர் மகன் கையைக் கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை எழுதும்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அத்தைக்கு அங்கே உண்மையாகவே நன்றாக இருந்தது. நிறம் மனிதர்களை என்னவோ செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் அலுவலகத்தில் சாவுச் செய்திக்கு மேலே சிவப்புப் பட்டை போடமாட்டோம். போட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, போடமாட்டோம். ஆபரேஷன் அறையில் பச்சைத் துணி, சாப்பாட்டுக் கடையில் சிவப்பு நாற்காலி, பள்ளிக்கூடச் சுவரில் வெளிர்நீலம் என்று யாரோ யோசித்துத்தான் வைக்கிறார்கள். அந்த மஞ்சள் அறையிலிருந்து வெளியே வரும்போது அத்தை பரோட்டா வேண்டும் என்று கேட்டார். பாதிதான் சாப்பிட்டார், ஆனால் கேட்டார். அவருடைய மகனுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

அடுத்தடுத்த வாரங்களில் வீடு மாறியது. கூடத்திலும் படுக்கையறையிலும் மஞ்சள் பல்பு. மஞ்சள் திரை. அத்தைக்கு இரண்டு மஞ்சள் சேலை. பாசிப்பருப்பு, பப்பாளி, எலுமிச்சை. மாடியில் அந்த பாட்டில். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். நான் பெரும்பாலும் சாயங்காலம் வேலைக்குப் போகிற வழியில்தான் எட்டிப் பார்ப்பேன். திரை போட்ட கூடத்தில், பல்பு வெளிச்சத்தில் அத்தை உட்கார்ந்திருப்பார். மெலிந்திருந்தார். ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. "பசி இல்லாட்டியும் கவலை இல்ல மருமகனே. அதுவே பெரிய காரியந்தான" என்றார் ஒருநாள்.

பிறகு உடம்பு முழுக்க அரிக்கத் தொடங்கியது. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் அரிப்பு. சீப்பால் முதுகைச் சொறிந்துகொள்வார். மகன் சாரிடம் கேட்டான். கழிவு தோல் வழியாக வெளியேறுகிறது, நல்லதுதான் என்று பதில் வந்தது. சிறுநீர் கடுமையான மஞ்சளாக, அடர்ந்த டீ நிறத்தில் போகிறது என்று அத்தை கூச்சத்தோடு மகனிடம் சொன்னார். அதற்கும் சார் கலங்கவில்லை. ஏற்றிய நிறம் வேலையை முடித்துவிட்டு மிச்சம் வெளியே வருகிறது என்றார். அத்தை மகன் இதை என்னிடம் டீக்கடையில் வைத்துச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்தது பயமில்லை, ஒரு திருப்தி. "உள்ள போயி வேலை செய்யுது மாப்ள. நாம கண்ணால பாக்கறமே, இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?" என்றான்.

இந்தச் சமயத்தில்தான் தெருவில் அந்தச் சண்டை நடந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு அத்தையோடு இருபது வருடப் பழக்கம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். காலையில் அத்தை குப்பை வண்டிக்காக வாசலுக்கு வந்திருக்கிறார். மஞ்சள் சேலை. முகமும் மஞ்சள். அந்த அக்கா குழாயடியில் இருந்தவர்களைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி பேசியிருக்கிறார்.

"அண்ணன் போயி எம்புட்டு நாளாச்சு? மதினி மூஞ்சியப் பாருங்கடி, புதுப்பொண்ணு கணக்கா அப்பிட்டு வந்து நிக்கிது."

அத்தை மகன் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டான்.

"ஆமா, எங்கம்மா மஞ்சளும் பூசும், நாளைக்குப் பொட்டும் வைக்கும், மறுநாளு பூவும் வைக்கும். ஒங்களுக்கு எங்க வலிக்கிது?"

"நான் என்னடா சொல்லிப்புட்டேன்? நல்லாருக்குன்னுதான சொன்னேன்."

"நீங்க சொன்ன லட்சணந்தான் தெரியுதே. எந்தக் காலத்துல இருக்கீக நீங்கள்லாம்?"

அத்தை அவனுடைய சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். வாசற்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "ஏன்டா கத்துற? நான் எங்கடா மஞ்சள் பூசுனேன்?" என்றாராம். மகன் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டான். "பூசுனா பூசுனேன்னு சொல்லும்மா. ஒனக்கு என்ன பயம், நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

இந்தக் கதை எங்கள் உறவு முழுக்கப் பரவியது. எல்லாரும் அவனை மெச்சினோம். என் அம்மா போனில், "பூசட்டுமே, அவளுக்கு என்ன அம்புட்டு வயசா ஆயிருச்சு?" என்றார். என் மனைவி, இப்படி ஒரு மகன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்றாள். திட்டியவரும் அத்தை முகத்தில் மஞ்சளைப் பார்த்தார், பரிந்து பேசிய நாங்களும் மஞ்சளைத்தான் பார்த்தோம். அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் முகம் மஞ்சளாக இருந்தால் அதற்குக் கல்யாணம், நேர்த்திக்கடன், வெள்ளிக்கிழமை என்று காரணங்கள் தயாராக இருக்கின்றன. நோய் அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறது. அச்சுக்கூடத்தில் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். நான்கு வண்ணத் தகடுகளில் கறுப்போ நீலமோ ஒரு மயிரிழை விலகினாலும் படம் கெட்டுவிட்டது என்று கண்ணில் அடிக்கும். மஞ்சள் தகடு விலகினால் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. பேப்பர் வெளியே போய்விடும்.

முகூர்த்த மாதம் வந்தது. கடையில் ஆள் போதவில்லை என்று முதலாளி கூப்பிட, அத்தை அரை நாளாவது வருகிறேன் என்று போனார். போன முதல் நாளே நான் அங்கே போகும்படி ஆயிற்று. என் மனைவியின் சந்தன நிறச் சேலைக்கு ரவிக்கைத் துணி வேண்டியிருந்தது. அத்தை மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, இரண்டு சுருளும் வெள்ளை லைனிங்கும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல நடைபாதைக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். மதியத்துக்கு முன்பான வெயில். ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசுவதுபோலப் போனது. அத்தை வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் முந்தானையை வைத்து, முந்தானை நழுவாமலிருக்க உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து ஒரு முனையைப் பிடித்தார்.

துணியையும் முந்தானையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய பார்வை தன் கையில் நின்றது. உள்ளங்கையும் விரல் நுனிகளும் வெள்ளைத் துணியின்மேல் மஞ்சளாக இருந்தன. அவர் கையைப் புடவையில் துடைத்தார். மறுபடி துணிமேல் வைத்தார். அப்படியே இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணின் வெள்ளை என்று சொல்லும் இடத்தில் வெள்ளை இல்லை. பழுத்த எலுமிச்சைத் தோல் போல இருந்தது.

அத்தை துணியை மடித்தார். "இதுதான் சரியா இருக்கும். எம்பது சென்டி போதும்ல?" என்றார். உள்ளே போய் அளந்து, கத்தரியால் கோடு போட்டதுபோல நேராக வெட்டி, பையில் போட்டுக் கொடுத்தார். பிறகு முதலாளியிடம், "அண்ணே, நான் கெளம்புறேன்" என்றார். ஆட்டோவில் ஏறியபின் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "நான் பூசலன்னு சொன்னேன் மருமகனே. அவென் கேக்கல."

ஸ்கேனில் பித்தக்குழாய் அடைபட்டிருந்தது. அடைத்திருந்தது கணையத்தில் வளர்ந்த கட்டி. பசியின்மையும் காரணமில்லாத மனக்கலக்கமும் சிலருக்கு அதன் முதல் அறிகுறியாகவே வருவதுண்டு என்று சர்ஜன் சொன்னார். முன்பே வந்திருந்தால் என்று அத்தை மகன் ஆரம்பித்தான். சர்ஜன் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே, "அதை இப்ப சொல்ல முடியாது தம்பி" என்றார். அது ஆறுதலா தண்டனையா என்று இன்றுவரை அவன் முடிவு செய்யவில்லை. அடைப்புக்குக் குழாய் வைத்தார்கள், அரிப்பு கொஞ்சம் குறைந்தது, மஞ்சள் முழுதாக இறங்கவே இல்லை. வார்டில் அத்தை சுவர்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். "இம்புட்டு வெள்ளையடிச்சு வச்சிருக்கானுக. எந்தச் சேலை கட்டுனாலும் அழுக்காத்தான் தெரியும்" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

சார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. கட்டில் பக்கத்தில் நின்று வெகுநேரம் அத்தையைப் பார்த்தார். வராந்தாவில் என்னிடம், "அந்தக் கட்டி மஞ்சளால வந்தது இல்ல. நீங்க பத்திரிகைக்காரரு, உங்களுக்குத் தெரியும்" என்றார். அது உண்மை. அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் குரலில் பயமும் இல்லை, வருத்தம் இருந்தது. அத்தை மகன் அவரைப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டு வந்தான்.

ஆடி பிறப்பதற்குள் அத்தை இறந்துபோனார். வீட்டுப் பின்புறம் குளிப்பாட்டியபோது கூட இருந்த என் மனைவி பிறகு சொன்னாள். எதிர்வீட்டு அக்காதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாராம். முதலில் முகத்தைக் கழுவியிருக்கிறார். தாலி இல்லாதவள் இப்படிப் போகக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே சோப்பை எடுத்துத் தேய்த்திருக்கிறார். போகவில்லை. சீயக்காய் வாங்கித் தேய்த்திருக்கிறார். கன்னத்தை, கழுத்தை, காதுக்குப் பின்னால். தண்ணீர் தெளிவாகவே ஓடியிருக்கிறது. யாரோ, "விடுங்கக்கா, அது மஞ்சளில்ல" என்றிருக்கிறார்கள். அந்த அக்கா கையை எடுக்காமல், ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

அத்தை மகன் இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறான். பல்புகளைத் தானே கழற்றிவிட்டான். தூக்கம் வருவதில்லை. இடுப்பில் பேண்ட் நிற்பதில்லை, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறான். பைக் ஓட்டும்போது கை நடுங்குகிறது என்கிறான். ரத்தம் டெஸ்ட் பண்ணலாம், நான் கூட வருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். "அடுத்த வாரம் வாரேன் மாப்ள" என்கிறான். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை மறுபடி மிதிக்க அவனால் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மதியம் அவன் காளவாசலுக்குப் போகிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. சார் இப்போது அந்த மாடி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டார். அவனுக்குக் கொடுத்திருப்பது நீலம்.

போன வாரம் அவனை நேராக லேபுக்கு அழைத்துப் போவது என்ற முடிவோடு அங்கேயே போனேன். வாசலில் நிறையச் செருப்புகள். சார் என்னை அடையாளம் கண்டு, உதட்டில் விரல் வைத்து, "இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுப்பிராதீங்க, நீங்களும் உக்காருங்க" என்று நீல அறைக்குள் விட்டார். அத்தை மகன் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம். நகம் நீலம். கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்ததும் நீலம். வெளியே அவன் என்ன நிறத்தில் இருக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்க அந்த அறையில் எந்த வழியும் இல்லை. எழுப்ப வேண்டும் என்று கையை நீட்டினேன். அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவன் தூங்கி நான் பார்த்து எத்தனையோ மாதம்.

நீட்டிய கையை எடுத்துவிட்டேன். ஐந்து நிமிடம் போகட்டும் என்று நினைத்தேன். காளவாசலின் ஹாரன் சத்தம் தூரத்தில் எங்கோ கேட்டது. என் கழுத்தும் தோளும் தளர்வதை உணர்ந்தேன். வெகுநாளாக நெற்றியில் இருந்த ஒரு இறுக்கம் விட்டுப்போனது. எனக்கும் அங்கே நன்றாகத்தான் இருந்தது. லேப் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று யோசித்தேன், அந்த யோசனையில் அவசரம் இல்லை. சார் சத்தமில்லாமல் வந்து, வெளி வெளிச்சம் உள்ளே விழாதபடி கதவைச் சாத்தினார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.